ஞாயிறு ரெண்டு மணி நேரம் எனக்கே எனக்கு, யோசனை சொல்லுங்க

தோழிகளே, மதுரையில இருக்கேன். வேலைக்குப் போறேன், ரெண்டு பிள்ளைங்க, சின்னவளுக்கு நாலு வயசு. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு எத்தனை மாசம் ஆச்சுன்னே தெரியல. நேத்து தலை வாரும்போது சீப்பு நிறைய முடி, அழுகையே வந்துடுச்சு.

இனி ஞாயித்துக்கிழமை நாலுலேருந்து ஆறு வரை பிள்ளைங்களைப் பார்த்துக்கறேன்னு அவர் சொல்லியிருக்கார். 2023-ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல இதுவரை குழந்தைகள் பகுதியைத் தாண்டினதே இல்ல. தனியா உட்கார்ந்து ஒரு நாவல் படிக்கணும். அந்த நேரத்துல உட்கார இடம் கிடைக்குமா? இல்லேன்னா வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுத்தி நடக்கலாமா, பொம்பளைங்க தனியா வர்றாங்களா?

அப்புறம், முடி கொட்டுறதுக்கு வீட்டுல எண்ணெய் காய்ச்சுறவங்க பக்குவம் சொல்லுங்க. பார்லர் வேண்டாம்.