முதல் வெப்சைட்ட காசு வாங்காம செஞ்சு குடுக்கலாமா?

சிப்புட்_தம்பி:
வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு எஸ்டேட்ல வளந்தவன், அம்மா இன்னும் செம்பனை (பாமாயில்) தோட்டத்துல உதிரிப்பழம் பொறுக்குறாங்க. எனக்கு பேக்டரில ஷிப்ட் வேலை. ஒரு வருஷமா ராத்திரில ப்ரீகோட்கேம்ப்ங்குற இலவச ஆன்லைன் பாடத்துல, வெப்சைட் எழுதுற எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் கத்துக்கிட்டேன், கோட் எழுதாமலே சைட் செய்ற வேர்ட்பிரஸும் ஓரளவு வரும். டவுன்ல கேட்டரிங் செய்ற ஒரு அக்கா "வெப்சைட் செஞ்சு குடு தம்பி, நல்லா இருந்தா நாலு பேருகிட்ட சொல்றேன்"ங்குறாங்க. காசு பேச்சே எடுக்கல. செய்யலாமா?

ஈப்போ_மீனா:
செய்யாதீங்க தம்பி. நான் மொத மூணு சைட்ட அப்படித்தான் செஞ்சேன். ஒருத்தவங்க "நம்ம புள்ளதானே"ன்னு சொல்லி எட்டு மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்ல வெல மாத்து, படம் மாத்துன்னு அனுப்பிக்கிட்டே இருந்தாங்க, சைட்டோட முகவரி, அதான் டொமைன், அதையும் என் கார்டுல வாங்கித் தொலச்சதால ரெண்டு வருஷம் ரினியூ காசும் நான்தான் கட்டுனேன். அவங்க சொல்லி ஒரு ஆளுகூட வரல. பாதி காசு முன்னாடி வாங்குங்க. டொமைன், சைட்ட வைக்கிற ஹோஸ்டிங் ரெண்டும் அவங்க பேர்ல, அவங்க கார்டுல இருக்கணும். ரெண்டு தடவைக்கு மேல மாத்துனா தனி காசுன்னு எழுதிக் குடுத்துருங்க.

லயத்து_அண்ணன்:
மீனா சொல்றது ஈப்போ, கோலாலம்பூருக்கு சரி லா. இங்க முக்காவாசி கடைக்கு பேஸ்புக் பேஜும் வாட்ஸ்அப்பும் போதும், வெப்சைட் எதுக்குன்னே கேப்பாங்க. காட்ட ஒண்ணுமில்லாத பையனுக்கு ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) எவன் குடுப்பான்? நான் மொதல்ல எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு சும்மா செஞ்சேன். உபயக்காரங்க பேரு, பூச நேரம், படம், அவ்ளோதான். அதப் பாத்துட்டு ஒரு லோரி முதலாளி கூப்புட்டாரு, காசு குடுத்தாரு. இன்னி வரைக்கும் அவரு என் கஸ்டமர்தான்.

ஈப்போ_மீனா:
கோயிலுக்கு செஞ்சது தொண்டு அண்ணே, அத நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இந்த அக்கா யாவாரம் பண்றாங்க. ஆயிரம் பேரு கல்யாண சாப்பாட்டுக்கு ஆர்டர் எடுத்தா முன்பணம் வாங்காம அரிசி மூட்ட எறக்குவாங்களா? காட்ட வேணும்னா இல்லாத கடை ஒண்ணுக்கு அழகா ஒரு சைட் செஞ்சு, சைட்ட நெட்ல வைக்க எடம் குடுக்குற கிட்ஹப் பேஜஸ்ல போடட்டும், அதுக்கு காசே இல்ல.

லயத்து_அண்ணன்:
அதே அக்கா கல்யாண வீட்டுக்காரங்களுக்கு ருசி பாக்க ஒரு தட்டு சும்மாதான் குடுப்பாங்க. நான் சொல்றது அந்த ஒரு தட்டுதான். அவங்க சாப்பாடு, அவங்க படம் போட்டு ஒரே ஒரு பக்கம். இல்லாத கடைய காட்டுனா நம்ம ஜனங்க மனசுல ஒட்டாது. தெரிஞ்ச மொகத்த விட்டுட்டு ஆன்லைன்ல வேல புடிச்சுத் தர்ற பைவர்ல போய் நிக்கவும் சொல்லாதீங்க, அங்க வர்ற காசுல 20 சதவீதம் அவனே எடுத்துக்குறான், வெல போட்டியும் ஒலகம் பூரா.

கணக்கு_அக்கா:
நடுவுல ஒண்ணு சொல்றேன். காசு வாங்க ஆரம்பிச்சா 30 நாளைக்குள்ள யாவாரத்த பதியுற அரசாங்க ஆபீஸ் எஸ்எஸ்எம்ல பதிஞ்சிரணும். சொந்த பேர்ல வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைக்குன்னு தனி பேரு வச்சா 60 வெள்ளி, அவங்களோட ஈஸிபிஸ் சைட்ல ஆன்லைன்லயே முடிஞ்சிரும். பதியாம டாட் காம் டாட் மை டொமைன் கெடைக்காது. வருமான வரிக்கு பாரம் பி, பேக்டரி வேலைக்கு போடுற பிஇ இல்ல. பேக்டரிய இப்பவே விட்றாதப்பா, அங்க முதலாளியும் சேத்து ஈபிஎப் (ஓய்வுகால சேமிப்பு) போடுறாரு, தனியா வந்துட்டா அந்த முதலாளி பங்கு கெடைக்காது.

சிப்புட்_தம்பி:
நேத்து போய் பேசுனேன். 600 வெள்ளி, அதுல 300 முன்னாடின்னு சொல்றதுக்குள்ள நாக்கு ஒட்டிக்கிச்சு. அக்கா கோவிக்கல, "வீட்டுக்காரருகிட்ட கேட்டுட்டு சொல்றேன்"னாங்க.

லயத்து_அண்ணன்:
கேட்டுட்டு வரட்டும்னு சும்மா ஒக்காராத. தீபாவளி பலகார ஆர்டர் எடுக்குற பக்கம் ஒண்ணு செஞ்சு உன் போன்லயே காட்டு.

ஈப்போ_மீனா:
ஒரு பக்கம்னா சரி, ஒத்துக்குறேன். உன் போன்ல காட்டு, ஆனா லிங்க இப்ப அனுப்பிறாத. 300 வந்தப்புறம் டொமைன்.