மர வேலி 6 அடியில இருந்து 4 அடிக்கு இறங்கற இடம் உறுத்துது, எப்படி அழகா இறக்கறது?

பீச்ரோட்டுக்காரன்:
வணக்கம். வீடு கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம். பக்கவாட்டுல மர வேலி போட்டிருக்கோம், பண்ருட்டி பலா, பலகை மூணரை இஞ்ச் அகலம், நடுவுல அரை இஞ்ச் கேப். பின்னாடி கிணத்தடி, துணி துவைக்கிற இடம் இருக்கறதால அங்க 6 அடி, ரோட்டு பக்கம் கார ரிவர்ஸ் எடுக்கும்போது சைக்கிள்ல வர்ற பசங்க தெரியணும்னு 4 அடி. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஒரே ஒரு பேனல்தான் பிரச்சனை. தூணுக்கு தூண் 6 அடி. ஆசாரி நூல் புடிச்சு நேர் சாய்வா அறுத்துட்டார், வேலை சுத்தம்தான், ஆனா பாக்க பார்க்ல சறுக்குமரம் வச்ச மாதிரி இருக்கு, தெருவுல போற எல்லாரும் அதத்தான் பாக்கறாங்க. படி மாதிரி வெட்டலாம்னார், வீட்டுல வேணாங்கறாங்க. என்ன செய்யலாம்? காம்பவுண்டு சுவரே கட்டிருக்கலாமேன்னு மட்டும் சொல்லாதீங்க.

முதுநகர்வாசி:
காம்பவுண்டு சுவரே கட்டிருக்கலாமே 😀

லாஸ்பேட்டை பட்டறை:
சாய்வு ஒண்ணும் தப்பில்ல சார், அது ரெண்டு பக்கமும் போய் முட்டுற இடம்தான் தப்பு. மட்டமா வந்த கோடு தூண்கிட்ட டக்குனு ஒடிஞ்சு இறங்குது, அந்தப் பக்கம் திரும்ப ஒடிஞ்சு மட்டமாவுது, அந்த ரெண்டு ஒடிசலும்தான் கண்ண உறுத்துது. கோடு ரெண்டு தூண்கிட்டயும் மட்டமா வந்து சேரணும், இறக்கமெல்லாம் நடுவுல நடக்கணும். மேல் பாதி கவுந்த வளைவு, கீழ் பாதி மல்லாந்த வளைவு, ரெண்டும் சரியா நடுவுல சேரும்.

ஆரம் கண்டுபுடிக்கறது ஈசி. நீளத்தோட வர்க்கம், இறக்கத்தோட வர்க்கம், ரெண்டயும் கூட்டி இறக்கத்தோட நாலு மடங்கால வகுங்க. உங்களுக்கு 72 இஞ்ச் நீளம், 24 இஞ்ச் இறக்கம், 5184ம் 576ம் சேந்து 5760, அத 96ஆல வகுத்தா 60. கச்சிதமா அஞ்சடி ஆரம், இந்த மாதிரி முழுசா வர்றது அபூர்வம். உசரமான மூலைல இருந்து நேர் கீழ அஞ்சடில ஒரு ஆணி, குட்டை மூலைல இருந்து நேர் மேல அஞ்சடில ஒரு ஆணி, பேனல கழட்டி மொட்டை மாடில படுக்க வச்சு செஞ்சா இடம் கிடைக்கும். நூல் இழுபடும், அதுக்கு பதிலா ஒரு ரீப்பர்ல, அதான் ஒல்லி மரச்சட்டம், ரெண்டு ஓட்டை போட்டு ஒண்ணுல ஆணி இன்னொண்ணுல பென்சில்னு சுத்துங்க.

கெடிலக்கரை:
இவ்ளோ கணக்கு எதுக்கு? ஒரு சங்கிலிய எடுத்து ரெண்டு தூண்லயும் மாட்டி தொங்க விடுங்க, குட்டைத் தூண்கிட்ட மட்டமா வர்ற அளவுக்கு நீளத்த கூட்டி குறைங்க, அதோட நிழல் மாதிரி பென்சில் கோடு போட்டு ஜிக்சால அறுங்க. முக்கியமான விஷயம், இந்த கோடு இப்ப இருக்கற சாய்வுக்கு கீழயே போவும், அதனால ஒரு பலகை கூட புதுசா வாங்க வேணாம்.

லாஸ்பேட்டை பட்டறை:
அது உண்மைதான், செலவு மிச்சம். ஆனா சங்கிலி உசரமான பக்கம் இப்ப இருக்கற சாய்வ விட கூடுதலா ஏறும், அங்க ஒரு ஒடிசல் அப்படியே நிக்கும். அந்த தூண தடிமனா, தலை வச்சு போட்டா மறைஞ்சிடும். கிணத்தடி பக்கம் மறைப்பும் குறையும், நடுவுல கிட்டத்தட்ட 6 இஞ்ச் போயிடும், அதுக்குத்தானே உசரமா போட்டாரு.

பீச்ரோட்டுக்காரன்:
மறைப்பு போனா வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க, சங்கிலி வேணாம். ரெட்டை வளைவுக்கு இருக்கற பலகை பத்துமா அண்ணே? ஆசாரிக்கு இந்த ஆரம் கணக்கெல்லாம் சொன்னா முறைப்பார்.

லாஸ்பேட்டை பட்டறை:
மேல் பாதிக்கு பத்தாது. உசரமான தூண்ல இருந்து 1 அடி தள்ளி உங்க பலகை இப்ப 68 இஞ்ச் இருக்கும், வளைவுக்கு 70¾ வேணும். மொத்தம் 18 பலகைல மேல் பாதி 9 புதுசு, கீழ் பாதி இருக்கறத லேசா சீவினாலே போதும். ஆசாரிகிட்ட ஆரம் எல்லாம் பேசாதீங்க, இந்த அளவ மட்டும் குடுங்க. 6 அடி மட்டத்துல ஒரு நூல் கட்டி அதுல இருந்து கீழ அளக்கணும்: 1 அடில 1¼ இஞ்ச், 2 அடில 5, 3 அடில 12, 4 அடில 19, 5 அடில 22¾, கடைசில 24. ஒவ்வொரு புள்ளிலயும் ஒரு ஆணி, அதுங்க மேல முடிச்சு இல்லாத மெல்லிசு ரீப்பர வளைச்சு புடிச்சு கோடு இழுத்தா அவருக்கே புடிச்சிடும், கை பழகின ஆளுங்க அந்த ரீப்பர் வளையறத பாத்தே எங்க தப்புனு சொல்லிடுவாங்க. புது பலகைய முதல்ல நீளமாவே அடிச்சுட்டு அப்புறம் மொத்தமா ஒரே கோடா அறுக்கச் சொல்லுங்க, தனித்தனியா அறுத்து அடிச்சா மேல பல்லு பல்லா நிக்கும்.

தாழங்குடா:
எல்லாரும் மேல் கோட்டையே பேசறீங்க, பின்னாடி குறுக்கு சட்டம் எங்க ஓடுதுனு யாரும் கேக்கலயே. 4 அடி பக்கத்து உசரத்துலயே மேல் சட்டம் நேரா ஓடினா, 6 அடி பலகைல ரெண்டடிக்கு மேல புடிமானமே இல்லாம நிக்கும், ஒரு மழை ஒரு வெயில் போதும், ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் திரும்பிக்கும், அப்புறம் எந்த வளைவும் தெரியாது. பின்பக்கம் ஒரு சட்டத்த சாய்வா குடுங்க, வளைவுக்கு ஒரு சாண் கீழயே இருக்கட்டும், முன்னாடி இருந்து தெரியாது. அந்த அரை இஞ்ச் கேப்ப அடைச்சிடாதீங்க, 2011 டிசம்பர் 30 'தானே' புயல் அடிச்சப்ப இந்த பக்கம் மூடின தட்டியெல்லாம் முழுசா சாஞ்சுது, காத்து உள்ள பூந்து போறதுதான் நல்லது. ஸ்குரூ எஸ்.எஸ். 316 (உப்புக் காத்த தாங்கற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேட்டு வாங்குங்க, உப்புக் காத்துக்கு சாதா ஆணி பலாவுல கருப்பா ஒழுகும்.

பீச்ரோட்டுக்காரன்:
சட்டம் இப்ப நேராதான் இருக்கு, மாத்த சொல்றேன். அளவ ஒரு அட்டைல எழுதி ஆசாரிகிட்ட குடுத்தாச்சு, ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல"ன்னார். இன்னொண்ணு, மேல வளைஞ்சு மூடற மாதிரி ஒரு பட்டை வைக்கணுமா?

லாஸ்பேட்டை பட்டறை:
வளைவுக்கு பட்டை வைக்கணும்னா மெல்லிசு ரீப்பர் நாலஞ்சு ஒட்டி வளைக்கணும், நம்ம ஊரு மழைக்கு பசை விட்டுக்கும், வேணாம். அறுத்த மேல் முனைதான் தண்ணிய குடிக்கும், அங்க மட்டும் பிரைமர் ரெண்டு தடவை ஊற ஊற குடுத்துட்டு அப்புறம் பெயிண்ட், ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சிடுங்க. ரெண்டு தூணும் பக்கத்து பலகைய விட 3 இஞ்ச் உசரமா இருக்கட்டும், வளைவு தூண்ல போய் முடியற மாதிரி இருக்கும்.

முதுநகர்வாசி:
போட்டோ போடுங்க தல. எங்க வீட்டு சுவர் கூட படி படியாதான் இருக்கு, இப்பதான் கவனிக்கறேன்.