பொலிரோ பிக்கப்பில் கழற்றி மாட்டும் தங்கல் கூண்டு: எடை, வயரிங், தேரி மணல்

நாங்குநேரிக்காரன்

வண்டி 2019 மாடல் பொலிரோ பிக்கப், 1.3 டன், சிங்கிள் கேபின், பின்சக்கர டிரைவ். பாடி உள்ளளவு நீளம் 8 அடி 2 அங்குலம், அகலம் 5 அடி 7 அங்குலம். இரண்டு பேர் நாலைந்து நாள் தங்குகிற மாதிரி இதில் ஒரு கூண்டு கட்டணும். போக நினைக்கிற இடங்கள் திசையன்விளைப் பக்கத்துத் தேரி (செம்மணல் மேடு), உவரி கடற்கரை, சாரல் நேரத்தில் குற்றாலம். வாரநாட்களில் வண்டி வாழைத்தார் ஏற்றப் போயாகணும், அதனால் கூண்டு இறக்கி ஏற்றுகிற மாதிரி இருந்தால்தான் சரிப்படும்.

யோசித்து வைத்திருப்பது: 40 மி.மீ. ஸ்கொயர் டியூப் ஃப்ரேம், 18 மி.மீ. பிளைவுட், 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) இன்வெர்ட்டர் பேட்டரி, கூரையில் 200 வாட் சோலார், 40 லிட்டர் 12 வோல்ட் ஃபிரிட்ஜ், 100 லிட்டர் தண்ணீர் டேங்க். பட்டறையில் கூண்டைப் பாடியோடு வெல்டு வைத்துவிடலாம், பின்பக்கம் ஸ்பிரிங் பட்டையில் இரண்டை உருவினால் குலுக்கல் குறையும் என்கிறார்கள். செய்யலாமா? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்க.

பட்டறைத்தெரு

வெல்டு வேண்டாம், பட்டையிலும் கை வைக்க வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

வெல்டு வைத்த இடத்தில் பெயின்ட் கருகும், உவரிக் காற்று ஒரு வருசத்தில் அங்கேயிருந்து துருவை ஆரம்பிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவின்படி கம்பெனி அமைப்பிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. பட்டையை உருவுவதும் அதில் வரும். கூண்டு கழற்றக்கூடிய சரக்கு மாதிரி இருந்தால் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது இறக்கி வைத்துவிட்டுப் போகலாம். ஓடும்போது பின்னால் யாரும் உட்காரக் கூடாது, படுக்கவும் கூடாது. அது சரக்கு வண்டி.

இப்போது எடை. உங்கள் கணக்கில் டியூப் சுமார் 35 மீட்டர் ஆகும். 40x40x2 மி.மீ. என்றால் மீட்டருக்கு 2.4 கிலோ, மொத்தம் 84 கிலோ. இந்த அளவு கூண்டுக்கு 25x25x1.6 மி.மீ. தாராளமாகப் போதும். மீட்டருக்கு 1.2 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, மொத்தம் 41 கிலோதான். பிளைவுட் 12 மி.மீ. எடுங்கள், ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் ரகம். எட்டுக்கு நாலு சீட் ஒன்று 24 கிலோ வரும், 18 மி.மீ. என்றால் 36. கட்டிலுக்கும் பெட்டிக்கும் இரண்டு சீட் போதும். வெளிப்பக்கம் 1.2 மி.மீ. அலுமினியத் தகடு, சுமார் 12 சதுர மீட்டர், 39 கிலோ. ஆக வெறுங்கூண்டு 130 கிலோவுக்குள் நிற்கும். நாலு பேர் மூலைக்கு ஒருவராகப் பிடித்தால் இறக்கிவிடலாம். உங்கள் தேவைக்கு இந்த எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இதைத் தாண்டினால் சனிக்கிழமைதோறும் செயின் பிளாக் தேட வேண்டிவரும்.

தண்ணீர், ஃபிரிட்ஜ், பேட்டரி, பேனல், மெத்தை, அடுப்பு, சாமான் எல்லாம் ஏறினாலும் மொத்தம் 315 கிலோவைச் சுற்றித்தான் வரும். 1300 கிலோவுக்குப் போட்ட பட்டை இது. அதனால் உங்கள் பிரச்சினை ஓவர்லோடு இல்லை, லோடு பத்தாமல் பின்பக்கம் துள்ளுவது. அந்தத் துள்ளலில்தான் ஸ்க்ரூ கழலும், பிளைவுட் மூலை உடையும், பேட்டரி முனை தளரும். செய்ய வேண்டியது மூன்று. பின்டயரில் முழு லோடுக்கான காற்றை வைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள், டோரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் லோடு இல்லாத அளவைப் பார்த்து அதற்குக் குறையாமல் வையுங்கள். ஷாக் அப்சார்பர் கசிந்திருந்தால் மாற்றுங்கள். கூண்டுக்கும் பாடிக்கும் நடுவே பழைய கன்வேயர் பெல்ட் துண்டு 10 மி.மீ. கனத்தில் போடுங்கள், எல்லா நட்டும் உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டாக இருக்கட்டும். பிளைவுட்டில் மர ஸ்க்ரூ மட்டும் நம்பக் கூடாது, துளை போட்டு எம்6 போல்ட், இரண்டு பக்கமும் அகல வாஷர்.

கூண்டைப் பிடிக்க ஆறு இடத்தில் எம்12, 8.8 கிரேடு போல்ட். பாடித் தரைத் தகட்டில் மட்டும் மாட்டினால் தகடு கிழியும். அடியில் குறுக்குச் சட்டம் ஓடும் இடமாகப் பார்த்து, கீழே 50x50x6 மி.மீ. பிளேட் கொடுத்து முறுக்குங்கள். முதல் 100 கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி மறுபடி முறுக்கணும்.

உயரம்: தரையிலிருந்து கூரை 2.1 மீட்டருக்குள் முடியுங்கள். உள்ளே உட்காரலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. நிற்க வேண்டும் என்று கூரையை ஏற்றினால் காவல்கிணறு காற்றில் வண்டி பாதை மாறும்.

தண்ணீர் 100 லிட்டர் வேண்டாம். 20 லிட்டர் கேன் மூன்று, பின் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு. பெரிய டேங்க் பாதி காலியானதும் வளைவில் தண்ணீர் அலையடித்து வண்டியை இழுக்கும், உள்ளே தடுப்பு வைக்காத டேங்க் ரொம்ப மோசம். கேன் என்றால் எந்த ஊர்க் குழாயிலும் பிடித்துக்கொள்ளலாம்.

எல்லாம் ஏற்றியபின் எடைமேடைக்குப் போய் முன்சக்கரம் மட்டும் ஒரு தடவை, முழு வண்டி ஒரு தடவை எடை போடுங்கள். காலி வண்டியில் இருந்ததைவிட முன்சக்கர எடை குறைந்திருந்தால் கனமான சாமான் பின்னால் தொங்குகிறது என்று பொருள், கேபினை ஒட்டி நகர்த்துங்கள். பாத்திரம் வைக்கிற டிராயருக்கு 500 மி.மீ. பால் பேரிங் சேனல், லாக் உள்ளதாக.

பன்னிரண்டுவோல்ட்

கரென்ட் பக்கத்தை நான் சொல்கிறேன்.

இன்வெர்ட்டர் பேட்டரியை மறந்துவிடுங்கள். 150 ஏஎச் டியூபுலர் 55 கிலோவுக்கு மேல். பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போகும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், குலுக்கலில் ஆசிட் சிந்தும். தூங்குகிற இடத்தில் அது கூடாது. 12.8 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் அயன் பாஸ்பேட் 12 கிலோதான், 1280 வாட் ஹவரில் ஆயிரம் வரை தைரியமாக எடுக்கலாம்.

சித்திரை வெயிலுக்கு ஒரு நாள் செலவு: ஃபிரிட்ஜ் 45 வாட், அந்தச் சூட்டில் நேரத்தில் பாதிக்கு மேல் ஓடும், 600 வாட் ஹவர். 15 வாட் பிஎல்டிசி விசிறி இரண்டு, பத்து மணி நேரம், 300. விளக்கும் போனும் 75. ஆக 975. வரவு: 200 வாட் பேனல், ஐந்து மணி நேர நல்ல வெயில், இழப்பு முப்பது சதவீதம் கழித்து 700. குறைகிற 275-ஐ, வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் கரென்டை இந்தப் பேட்டரிக்கு அளவாக ஏற்றுகிற 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒரு மணி நேர ஓட்டத்தில் கொடுத்துவிடும். அதனால் ஒரே இடத்தில் நாலு நாள் அசையாமல் நிற்பதாக இருந்தால்தான் பேனலைக் கூட்ட வேண்டும்.

டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் வண்டி பேட்டரியிலிருந்து நேரே ஒரு வயர் இழுத்து ரிலே வைக்கிற வழக்கம் இருக்கிறது. லித்தியத்துக்கு அது ஆபத்து. காலியான லித்தியம் கிடைக்கிற ஆம்பியரை எல்லாம் இழுக்கும், ஆல்டர்னேட்டர் முழு லோடில் நின்று சூடேறி டையோடு போகும். சார்ஜர் அந்த இழுவைக்குக் கடிவாளம் போடும்.

வயர் கனத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பானெட்டிலிருந்து பாடிக்குப் போக 4 மீட்டர், வர 4 மீட்டர். 25 ஆம்பியர் ஓடும்போது 2.5 சதுர மி.மீ. வீட்டு வயரில் 1.4 வோல்ட் போய்விடும், சார்ஜர் விட்டு விட்டு அணையும், வயரும் கொதிக்கும். 6-இல் 0.6 வோல்ட் போகும். 16 போட்டால் 0.2 வோல்ட்தான். வெல்டிங் கேபிள் 16 சதுர மி.மீ. எடுத்தால் வளையவும் செய்யும். இரண்டு பேட்டரிப் பக்கமும், முனையிலிருந்து ஒரு சாணுக்குள், 40 ஆம்பியர் ஃபியூஸ். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் நடுவில் வயர் சேசிஸில் உரசும்போது மறுபக்கத்துப் பேட்டரி தீ வைத்துவிடும். வயர் முனையில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்துங்கள், ஈயம் ஊற்றாதீர்கள். ஈயம் இறுகிய இடத்தில் குலுக்கலில் நரம்பு அறும்.

பேனல் 100 வாட் இரண்டு. தென்னை, பனை நிழல் விழும் இடத்தில் நிற்பீர்கள் என்றால் பேரலல் இணைப்பு. சீரிஸில் ஒரு மட்டை நிழல் இரண்டையும் இழுத்துவிடும். கூரைக்கும் பேனலுக்கும் 40 மி.மீ. காற்று இடைவெளி கட்டாயம். செல் 65 டிகிரிக்குப் போனால் பதினைந்து சதவீத உற்பத்தி அதிலேயே போகிறது.

பேட்டரியைத் தகட்டின் மேல் நேரே வைக்காமல் மரக்கட்டை கொடுத்து, கேபினை ஒட்டிய நிழல் மூலையில் வையுங்கள். செல் சூடு 45 டிகிரியைத் தாண்டினால் பல லித்தியம் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, பேட்டரிக்குள் இருக்கும் காப்பு சர்க்யூட் (பிஎம்எஸ்) நிறுத்திவிடும். மத்தியானம் சோலார் ஏறவில்லை என்று வயரை எல்லாம் பிரித்துப் பார்ப்பதற்கு முன் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள்.

நாங்குநேரிக்காரன்

ரொம்ப நன்றி. உள்சூட்டுக்குக் கூரையில் தெர்மாகோல் ஒட்டலாம் என்று இருக்கிறேன். எந்தப் பசை? அடுப்பை உள்ளேயே வைக்கலாமா?

பட்டறைத்தெரு

தெர்மாகோல் வேண்டாம். ரப்பர் பசை பட்டால் கரைந்து குழியாகும், குலுக்கலில் மணி மணியாக உதிரும். 19 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஷீட், பின்பக்கம் பசை உள்ளது கிடைக்கிறது, அதுதான் சரி. டியூப் தெரிகிற இடத்தையும் மூடி ஒட்டணும். விட்டால் சாரல் ராத்திரியில் இரண்டு பேர் மூச்சு ஈரம் அந்தக் கம்பியில்தான் தண்ணீராகக் கோத்துச் சொட்டும். கூரை வெளியே வெள்ளை அடியுங்கள், செலவு குறைவு, பலன் அதிகம்.

கீழே ஒரு ஜன்னல், எதிர்ப்பக்கம் மேலே ஒரு ஜன்னல், இரண்டிலும் கொசுவலை. சேர்மானத்தில் சிலிக்கோன் விடாமல் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட். மேல் விளிம்பில் தகட்டை 15 மி.மீ. கீழே மடித்துச் சொட்டு விளிம்பு விட்டால் குற்றாலச் சாரல் கதவு இடுக்கில் இறங்காது.

அடுப்பு பின்கதவில் மடிப்புப் பலகை போட்டு வெளியே. 5 கிலோ சிலிண்டருக்குத் தனிப் பெட்டி, உள்பக்கம் அடைத்து, தரையில் வெளிப்பக்கமாக ஓட்டை. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும், நீங்கள் படுத்திருப்பதும் கீழேதான். மழை என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடுப்பு பற்ற வைப்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

செம்மணல்

பட்டறைத்தெரு சொன்னதில் ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தேரிக்குப் போகிற வண்டியில் பால் பேரிங் சேனல் நிற்காது. தேரி மணல் மாவு மாதிரி, கிரீஸோடு சேர்ந்து அரைக்கும், டிராயர் பாதியில் இறுகும். டிராயர் அடியில் 5 மி.மீ. நைலான் பட்டை ஒட்டி, அலுமினிய ஆங்கிளில் வழுக்க விடுங்கள். எண்ணெய் போடக் கூடாது, துணியால் துடைத்தால் போதும்.

டயர் டியூப் உள்ளதா, டியூப்லெஸ்ஸா என்று முதலில் பாருங்கள். தேரியில் காற்றைக் குறைத்தால்தான் பின்சக்கர டிரைவ் நகரும், இந்த எடைக்கு 22-லிருந்து 25 பிஎஸ்ஐ. டியூப் டயரில் அப்படிக் குறைத்து முறுக்கினால் டயர் ரிம்மில் வழுக்கி வால்வைக் கழுத்தோடு பிய்த்துவிடும், பஞ்சர் ஒட்டிச் சரியாகாது. டியூப்லெஸ் ரிம் மாற்றவில்லை என்றால் தேரி உள்ளே இறங்காமல் விளிம்பிலேயே நிறுத்துங்கள். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் ஆக்சிலேட்டரை விடணும், மிதிக்க மிதிக்க அச்சு வரை புதையும். மணலைத் தோண்டி, பனை மட்டையைக் குறுக்கே நெருக்கி அடுக்கி, மெதுவாக ரிவர்ஸில் வந்த தடத்திலேயே எடுங்கள். தார்ச்சாலை ஏறியதும் முதல் வேலை காற்று. 12 வோல்ட் கம்ப்ரஸர் வாங்கும்போது பேட்டரிக் கிளிப் உள்ளதாக வாங்குங்கள், சிகரெட் லைட்டர் சாக்கெட் இந்த டயருக்குத் தாங்காது. மழை பெய்து மறுநாள் தேரி இறுகிக் கிடக்கும், புதிதாகப் பழகுகிறவர் அன்றைக்குப் போகலாம்.

மணலைவிட முள். உடைமுள்ளும் சீமைக்கருவேல் முள்ளும் டயர் பக்கவாட்டில் ஏறினால் பஞ்சர் பிளக் நிற்காது. வேலி வெட்டிப் போட்ட பாதையில் ஒருவர் இறங்கி முன்னால் நடக்கணும். பிளக் பத்து, ரம்பக் கம்பி, சோப்புத் தண்ணீர் பாட்டில், முழு அளவு ஸ்டெப்னி.

காற்று: ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிப்பது நாங்குநேரி-காவல்கிணறு நாற்கரச் சாலையில் பக்கவாட்டில் அறையும். லாரியைத் தாண்டி வெளியே வரும் நொடியில் ஸ்டியரிங் இழுக்கும், 60-க்கு மேல் வேண்டாம். நிறுத்தும்போது மூக்கு மேற்கே பார்க்கணும். பக்கத்தில் விரிக்கிற பந்தல் 2 மீட்டருக்கு 2.5 என்று வையுங்கள், மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று நேரே அடித்தால் 70 கிலோ இழுவை. அந்த மாதங்களில் பணகுடி, ராதாபுரம் பக்கம் பந்தலைச் சுருட்டியே வையுங்கள்.

உவரியில் இரண்டு ராத்திரி நின்றால் திரும்பியதும் அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவணும். கூண்டு ஃப்ரேமில் வெல்டு வைத்த இடமெல்லாம் எபாக்ஸி பிரைமர். அலுமினியத் தகட்டில் எஸ்எஸ் போல்ட் போட்டால் இடையில் நைலான் வாஷர், இல்லையென்றால் உப்பு ஈரத்தில் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரிக்கும்.

நிறுத்துகிற இடம். மாஞ்சோலைப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வண்டியில் ராத்தங்கல் அங்கே நடக்காது, மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் கேட்டு வாதாடவும் வேண்டாம். தாமிரபரணி மணலில் இறக்கி நிறுத்தாதீர்கள். இங்கே வானம் வெளுத்திருக்கும், மேலே பாபநாசம், மணிமுத்தாறு அணை திறந்தால் ராத்திரியே தண்ணீர் ஏறும். 2023 டிசம்பர் 17, 18-இல் ஆறு எதுவரை வந்தது என்று கரையில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள், அந்தக் கோட்டுக்கு மேலே நிறுத்துங்கள். தோட்டம், தோப்பு என்றால் உடையவரிடம் கேட்டு நில்லுங்கள், தேரியில் பனங்காட்டுக்கும் ஆள் உண்டு.

பட்டறைத்தெரு

செம்மணல் சொன்னதுதான் சரி, சேனலை விட்டுவிடுங்கள். நைலான் பட்டை ஒட்டும்போது பசையை மட்டும் நம்பாமல் கவுன்டர்சிங்க் ஸ்க்ரூ 150 மி.மீ.க்கு ஒன்று, தலை பட்டைக்குள் ஒரு மி.மீ. அமுங்கி நிற்கணும்.