டிடிபி கடை: விண்டோஸ் 10-லயே இருக்கலாமா, 11-க்கு மாறணுமா?

அச்சுமை:
வணக்கம் நண்பர்களே. சிவகாசியில் சின்னதா டிடிபி கடை வெச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக்தான் வேலை. ரெண்டு சிஸ்டம் இருக்கு. ஒண்ணு இன்டெல் ஐ5-7400, 8 ஜிபி ராம். பேஜ்மேக்கர் 7 (பக்கம் வடிவமைக்கிற சாஃப்ட்வேர்), பழைய தமிழ் ஃபான்ட், வருஷக்கணக்கா சேர்ந்த பத்திரிகை ஃபைல் எல்லாம் அதுலதான். இன்னொண்ணு ரைசன் 5 2600. வாட்ஸ்அப்ல வர்ற மேட்டர், நெட் பேங்கிங், கஸ்டமர் கொண்டுவர்ற பென் டிரைவ் எல்லாம் அதுல. ரெண்டுலயும் ஒரிஜினல் விண்டோஸ் 10, 22எச்2.

சர்வீஸ் பண்றவர் ரெண்டையும் ஃபார்மட் அடிச்சு 11 போட்டுடலாம்னு சொல்றார். 11-க்குத் தகுதி இருக்கான்னு சொல்ற மைக்ரோசாஃப்ட் ஹெல்த் செக் ஆப்ல பார்த்தா ரெண்டுமே தகுதியில்லைன்னு வருது. முகூர்த்த நேரத்துல மெஷின் படுத்தா பிழைப்பே நின்னுடும். என்ன செய்யலாம்?

போர்டுகாரன்:
அண்ணே, முதல்ல ஃபார்மட் பேச்சை நிறுத்துங்க. ரெண்டு சிஸ்டத்துக்கும் ஒரே பதில் கிடையாது.

ஐ5-7400 ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கணக்கு. பயோஸ்ல (விண்டோஸ் ஏறுறதுக்கு முந்தி வர்ற மதர்போர்டு செட்டிங்ஸ்) எதை மாத்தினாலும் அது தகுதிக்குள்ள வராது. சோதனையைத் தாண்டிப் போட்டுத் தர ஆள் இருக்காங்க, போட்டா ஓடவும் செய்யும். ஆனா அப்படிப் போட்ட சிஸ்டத்துக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரலை. வருஷா வருஷம் வர்ற பெரிய அப்டேட்டை நீங்களே கையால ஏத்த வேண்டியிருக்கும். சம்பாதிச்சுக் கொடுக்கிற மெஷின்ல அதைச் செய்யாதீங்க.

ரைசன் 5 2600 ஆதரவுப் பட்டியல்ல இருக்கு. அதுல டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்பு வசதி) அணைஞ்சு கிடக்கும், அவ்வளவுதான். பயோஸ்ல எஃப்டிபிஎம்னு இருக்கும், அதை ஆன் பண்ணிட்டு மறுபடி ஹெல்த் செக் ஓட்டுங்க.

அச்சுமை:
நன்றி தம்பி. அப்போ ஐ5 சிஸ்டத்தை அப்படியே விட்டுடலாமா? வைரஸ் பயம் இருக்கே.

எழுத்தாணி:
நான் மதுரையில் இதே தொழில்ல இருக்கேன், அதனால விரிவா சொல்றேன்.

விண்டோஸ் 10-க்கு இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. ஆனா வீட்டு உபயோகக்காரங்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் கிடைக்கிற மாதிரி இஎஸ்யூன்னு ஒரு திட்டம் விட்டாங்க. செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கம் போனா அதுல சேர்ற பட்டன் இருக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல நுழைஞ்சு செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் பண்ணினா காசு கிடையாது. இல்லைன்னா 30 டாலர், அல்லது 1000 ரிவார்ட்ஸ் பாயின்ட். அந்தத் தேதிக்கு அப்புறம் ஐ5-ல நெட் வயரைக் கழட்டிடுங்க. பேஜ்மேக்கருக்கு நெட் எதுக்கு? ஃபைலை ரைசன்ல வாங்கி, ஸ்கேன் பண்ணி, அதுக்குன்னு ஒதுக்கி வெச்ச ஒரே பென் டிரைவ்ல மாத்துங்க. கஸ்டமர் பென் டிரைவ் ஐ5 பக்கமே போகக் கூடாது.

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல. அது 32-பிட் புரோகிராம், அந்த வகையை விண்டோஸ் 11 இன்னும் ஓட்டுது. 16-பிட் காலத்துத் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் ஏதாவது வெச்சிருந்தா அது ஓடாது, 11-ல 64-பிட் மட்டும்தான். அதனால ரைசன் 11-க்குப் போனதும் பேஜ்மேக்கரை அதுல ஏத்தி, உங்க பழைய பத்திரிகையிலேயே கஷ்டமான ஒண்ணைத் திறந்து பிரிண்ட் எடுத்துப் பாருங்க. "ஸ்ரீ", கொக்கி, பூ பார்டர் எல்லாம் இடம் மாறாம வருதான்னு பழைய பிரிண்டைப் பக்கத்துல வெச்சு ஒப்பிடுங்க.

ஃபான்ட் விஷயத்துலதான் நிறைய பேர் மாட்டுவாங்க. பாமினி மாதிரி யூனிகோடுக்கு முந்தின ஃபான்ட் அந்த சிஸ்டத்துல இல்லைன்னா மேட்டர் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலா தெரியும். ஐ5-ல இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டர் மொத்தத்தையும் ஒரு காப்பி எடுத்து வைங்க. லதா, விஜயா ரெண்டும் விண்டோஸ் 10-ல இருந்தே தானா வர்றதில்லை. ஆப்ஷனல் ஃபீச்சர்ல தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்னு இருக்கும், அதைச் சேர்த்தா வந்துடும்.

அச்சுமை:
ஐயா, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்லை. ஐ5-ல இஎஸ்யூ சேர்ந்துட்டேன். ஃபான்ட்ஸ் ஃபோல்டரும் பேஜ்மேக்கர் ஃபைலும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் போயிட்டிருக்கு. ரைசன்ல எஃப்டிபிஎம் ஆன் பண்ணியாச்சு, ஆனா ஹெல்த் செக் இப்போ செக்யூர் பூட் (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் ஆக விடுற வசதி) இல்லைன்னு நிக்குது. பயோஸ்ல சிஎஸ்எம்மை (பழைய முறையில பூட் பண்ண விடுற செட்டிங்) அணைக்கச் சொல்லுது. அணைக்கட்டுமா?

போர்டுகாரன்:
அவசரப்படாதீங்க அண்ணே. முதல்ல டிஸ்க் மேனேஜ்மென்ட்ல டிஸ்க் மேல ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ்ல வால்யூம்ஸ் பக்கத்தைப் பாருங்க. பார்ட்டிஷன் ஸ்டைல் எம்பிஆர்னு (டிஸ்க்கைப் பிரிச்சு வைக்கிற பழைய முறை) இருந்தா, சிஎஸ்எம்மை அணைச்சதும் விண்டோஸ் பூட் ஆகாது. பேக்கப் எடுத்துட்டு, விண்டோஸோட வர்ற எம்பிஆர்2ஜிபிடி டூலை வெச்சு ஜிபிடிங்கிற புது முறைக்கு மாத்துங்க, டேட்டா அழியாது. அதுலயும் முதல்ல வேலிடேட் மட்டும் ஓட்டிப் பார்த்துட்டு, தேறினா அப்புறம் கன்வெர்ட். அதுக்குப் பிறகுதான் சிஎஸ்எம்மை அணைச்சு செக்யூர் பூட்டை ஆன் பண்ணணும்.

11 ஏறினப்புறம் ஒத்து வரலைன்னா 10 நாளைக்குள்ள செட்டிங்ஸ், ரெக்கவரி வழியா பழையபடி 10-க்குத் திரும்பலாம். அந்த 10 நாளும் டிஸ்க் க்ளீனப் ஓட்டிடாதீங்க, பழைய விண்டோஸ் ஃபோல்டர் போயிடுச்சுன்னா திரும்ப வழியில்லை. டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன்ல இருக்கான்னும் பாருங்க. இருந்தா ரெக்கவரி கீயைப் பேப்பர்ல எழுதி கல்லாவுல வைங்க, பயோஸ்ல மறுபடி கை வெச்சா அதைக் கேட்கும்.

எழுத்தாணி:
இன்னொண்ணு. இந்த வேலையை முகூர்த்த நாள் அதிகமா இருக்கிற மாசத்துல வெச்சுக்காதீங்க. ஆடியில ஆர்டர் குறையும், அப்போ செய்யுங்க. அதுவரைக்கும் ரைசனையும் இஎஸ்யூ-ல சேர்த்து வைங்க, ஒரே அக்கவுண்ட்ல 10 சிஸ்டம் வரைக்கும் சேர்க்கலாம்.