வேலை போச்சு, கம்பெனிக் கடனை கிராஜுவிட்டியில பிடிக்கலாமா?

ஓமலூர்த் தம்பி:
நேத்து பட்டறை அண்ணன் எழுதினதைப் படிச்சதுல இருந்து வயிறு எரியுது. "வேலை போனா என்ன, முதலாளிகிட்ட வாங்குன கடனை அவர் கிராஜுவிட்டியில கழிச்சுக்கிறது அவரோட உரிமை"ன்னு எழுதியிருக்காரு. கிராஜுவிட்டின்னா வருஷக்கணக்கா உழைச்சதுக்கு வேலை முடியறப்ப வர்ற பணிக்கொடை. எங்க மச்சானுக்கு நடந்தது இதுதான். ஓமலூர் பக்கம் ஒரு நூல் மில்லு, 2024 ஆடியில மூடிட்டாங்க. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000, சர்வீஸ் 11 வருஷம். வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாசம் 26 நாள்னு கணக்கு. 15ஆல பெருக்கி 26ஆல வகுத்தா வருஷத்துக்கு 7,500, மொத்தம் 82,500 வரணும். பொண்ணு காலேஜுக்கு வாங்குன கடன்ல 60,000 பாக்கின்னு கழிச்சுட்டு 22,500க்கு செக் நீட்டுனாங்க. ஒரு சம்மதக் கையெழுத்துகூட வாங்கல. இது உரிமையாங்க?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
வாங்குனாரா இல்லையா? வாங்குனாரு. அப்புறம் என்ன வயிறு எரியுது? பேங்க்ல வாங்கியிருந்தா வட்டி போட்டு வாசல்ல வந்து நிப்பான். அந்த மனுசன் வட்டியில்லாம குடுத்திருக்காரு. கழிச்சுக்கிட்டாரு, கணக்கு தீர்ந்துச்சு.

பழைய சங்கத்துக்காரன்:
கடனைக் கட்ட வேண்டாம்னு இங்க யாரும் சொல்லல. கட்டணும், கடைசி ரூபா வரைக்கும். ஆனா கிராஜுவிட்டியில கை வைக்கக் கூடாது. மில்லு மூடுனப்ப அமல்ல இருந்த 1972 கிராஜுவிட்டிச் சட்டம், 13ஆம் பிரிவு: எந்தக் கோர்ட்டுல தீர்ப்பு வாங்குனாலும் கிராஜுவிட்டியை ஜப்தி பண்ண முடியாது. கோர்ட்டுக்கே இல்லாத அதிகாரம் மில்லு ஆபீசுக்கு எங்கிருந்து வந்துச்சு? பிடிச்சு நிறுத்தணும்னா அதே சட்டத்துல 4(6) பிரிவு மட்டும்தான் வழி. வேணும்னேயோ கவனக்குறைவாலயோ சொத்துக்குச் சேதம் பண்ணி, இல்லாட்டி அடிதடி, ஒழுக்கக்கேடான குற்றம்னு வேலையை விட்டு நீக்கியிருக்கணும். மில்லை மூடுனது முதலாளி. இதுல அந்தத் தம்பி மச்சான் பண்ணுன குற்றம் என்ன?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
ஜப்தின்னா கோர்ட்டு அமீனா வந்து பண்றது. தன்கிட்ட இருக்கிற காசுல தனக்கு வரவேண்டியதைக் கழிச்சுக்கிறது ஜப்தி ஆகாது. சங்கத்துல இருந்தவருக்கு இதுகூடப் புரியலையா?

ஏற்காடு மேட்டுக்காரி:
நான் எஸ்டேட் ஆபீஸ்ல சம்பளக் கணக்கு பார்த்தவ. காப்பிப் பழம் பறிக்கிற ஆளுங்களுக்குத் தீபாவளி முன்பணம் குடுப்போம். சம்பளத்துல மாசாமாசம் பிடிப்போம், அதுக்கு 2025 நவம்பர் வரைக்கும் இருந்த 1936 சம்பளச் சட்டம் இடம் குடுத்துச்சு. அதுலயும் பாதிக்கு மேல பிடிக்கக் கூடாதுன்னு இருந்துச்சு, கூட்டுறவு சொசைட்டி பாக்கி சேர்ந்தா முக்கால். சம்பளத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருந்துச்சுங்க.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
அக்கா, மலை மேல நிழல்ல உக்காந்து கணக்கு எழுதறது சுலபம். நாங்க வெள்ளியை எடை போட்டுக் குடுத்துட்டு ராத்திரி தூங்காம கெடக்கிறோம். கொலுசு பத்த வைக்கிற ஆளுக்கு அட்வான்ஸ் குடுத்தா, அடுத்த மாசம் வேற பட்டறையில உக்காந்திருக்கான். எங்களுக்கு எந்தச் சட்டம் இருக்கு?

ஏற்காடு மேட்டுக்காரி:
நிழல்ல உக்காந்தா! ஜனவரிப் பனியில காலையில ஆள் கணக்கு எடுக்க வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க.

பழைய சங்கத்துக்காரன்:
அட்வான்ஸ் பேச்சை அவரே எடுத்தது நல்லதாப் போச்சு. முன்பணத்தைக் காட்டி ஆளை வேற இடத்துக்குப் போக விடாம வச்சா அதுக்குப் பேரு கொத்தடிமை. 1976லயே ஒழிச்ச முறை. அந்தச் சட்டப்படி அப்படிப்பட்ட கடனே செல்லாது. போனஸ் பத்தி இங்க பேசுனப்பவும் இதே ஆள் "எங்க பட்டறையில எல்லாம் குடும்பம் மாதிரி"ன்னாரு. குடும்பத்துல சம்பளச் சீட்டு குடுப்பீங்களா மாட்டீங்களான்னு கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் பதில் வரல.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
என்னைக் கொத்தடிமை வச்சிருக்கிறவன்னு சொல்றீங்களா? எங்க அப்பா காலத்துல இருந்து எத்தனை பேர் வீட்டுக் கல்யாணத்துக்குக் குடுத்திருக்கோம்னு செவ்வாய்ப்பேட்டையில வந்து விசாரிங்க. வார்த்தையை அளந்து பேசுங்க.

கணக்குப்பிள்ளை:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். 2020 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்குல, குவார்ட்டர்சைக் காலி பண்ணாம இருந்தவங்க அபராத வாடகையை கிராஜுவிட்டியில கழிக்கலாம்னு சொல்லியிருக்கு. நம்ம சேலம் உருக்காலையும் அதே நிறுவனம்தான்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
பார்த்தீங்களா! உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. இப்ப சொல்லுங்க சங்கத்துக்காரரே.

பழைய சங்கத்துக்காரன்:
அது கம்பெனி வீட்டைக் காலி பண்ணாம உக்காந்திருந்தவர் வழக்கு. இது பொண்ணு காலேஜுக்கு வாங்குன கடன். ரெண்டும் ஒண்ணா? 14ஆம் பிரிவையும் படிங்க: வேற சட்டமோ ஒப்பந்தமோ என்ன சொன்னாலும் இந்தச் சட்டம்தான் நிக்கும். அதுவும் மில்லு முதலாளிகிட்ட ஒப்பந்தமே இல்ல. குடுத்த கடன் திரும்ப வேணுமா, நோட்டீஸ் விடட்டும், அஸ்தம்பட்டி கோர்ட்டுல வழக்கு போடட்டும். மூணு வருஷக் கெடு இருக்கு. தவணை கேட்டா மச்சானும் கட்டுவாரு. அந்த வழியை விட்டுட்டு, வேலை போன அன்னைக்கே வயித்துல அடிச்சிருக்காங்க.

கணக்குப்பிள்ளை:
பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலா 2025 நவம்பர் 21ல இருந்து புது சட்டத்தொகுப்பு வந்தாச்சே?

பழைய சங்கத்துக்காரன்:
மில்லு மூடுனது 2024னு தம்பி மேலயே எழுதியிருக்காரு, அதனால இதுக்குப் பழைய சட்டம்தான். படிச்சுட்டுப் பேசுங்க. தம்பி, மூடுன நஷ்டஈடு வந்துச்சா? 1947 தொழில் தகராறு சட்டப்படி வருஷத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம், அது கிராஜுவிட்டிக்கு மேல தனி. தொழிலாளர் உதவி ஆணையர்கிட்ட கிராஜுவிட்டி மனு போடுங்க. வேலை போன 30 நாளைக்குள்ள கிராஜுவிட்டியைக் குடுக்கலைன்னா வட்டியோட குடுக்கணும்.

ஓமலூர்த் தம்பி:
நஷ்டஈடுன்னு ஒரு பைசா வரலீங்க ஐயா. இதைப் பத்தி யாருமே எங்களுக்குச் சொல்லல.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
ஆமா, மனு போடுங்க, வழக்கு போடுங்க. அடுத்து எந்த முதலாளியாவது தொழிலாளி பொண்ணு படிப்புக்குக் கடன் குடுப்பானா? அதை யோசிச்சீங்களா?

ஏற்காடு மேட்டுக்காரி:
கடன் குடுத்துட்டா அவன் 11 வருஷ உழைப்பு உங்க கல்லாவுக்குச் சொந்தமா?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
கழிச்சது ஜப்தி இல்ல. நூறு தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

பழைய சங்கத்துக்காரன்:
நானும் நூறு தடவை சொல்றேன்: கிராஜுவிட்டியில கை வைக்கக் கூடாது. சம்பளச் சீட்டுக் கேள்விக்கு இன்னும் பதில் வரல.