புத்தகக் கண்காட்சியில் நம்ம ஆட்களைக் காட்டித் தருகிற செயலி ஏதும் உண்டா?

கரிசல்காட்டான்:

ஜனவரி வந்தால் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி, சென்னைப் புத்தகக் கண்காட்சி நடக்கிற நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு வந்துவிடுவேன். தனியாகத்தான் வருவது. ஊரில் விதை, உரம் விற்கிற கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் பழைய சிற்றிதழ்களைப் பற்றி ஆரம்பித்தால், "அது இருக்கட்டும், யூரியா வந்துச்சா?" என்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

போன முறை ஓர் அரங்கில் என் பக்கத்தில் நின்றவர் ஒரு சிற்றிதழ்த் தொகுப்பை எடுத்தார். முன்னுரையைப் பாதி நின்றபடியே படித்தார், பின்னட்டையில் விலையைப் பார்த்தார், வைத்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அதையே வாங்கினார். சந்தேகமே இல்லை, நம்ம ஆள்! ஆனால் எனக்குப் பேச வாய் வரவில்லை. பில் போடும் மேசையைத் தாண்டியதும் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

இந்த மாதிரி ஆட்கள் அதே மைதானத்தில் அதே நேரத்தில் இருக்கிறார்கள் என்று போனில் காட்டுகிற செயலி ஏதும் உண்டா? டெலிகிராமில் பக்கத்தில் இருப்பவர்களைக் காட்டும் வசதி ஒன்று இருந்தது, இப்போது தேடினால் காணோம். மச்சினன் ஒரு டேட்டிங் செயலியைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறான். அதை வீட்டில் பார்த்துவிட்டால் அப்புறம் நான் நந்தனத்திலேயே குடியிருக்க வேண்டியதுதான்.

---

சாத்தூர்_கோடு:

அண்ணாச்சி, எனக்கும் உங்கள் பக்கத்து ஊர்தான், இப்போது கிண்டியில் ஆண்ட்ராய்டு செயலி எழுதிப் பிழைக்கிறேன். நீங்கள் கேட்டதைச் செய்து பார்க்கிறேன் என்று இறங்கிப் பணத்தைக் கரைத்தவர்கள் நிறைய. 2012இல் அமெரிக்காவில் ஆஸ்டின் நகர விழாவில் 'ஹைலைட்' என்று ஒரு செயலியைப் பற்றித்தான் ஒரே பேச்சு. உங்கள் நண்பரின் நண்பர் பக்கத்தில் வந்தால் போன் தானாகச் சொல்லும். சொன்னது, கூடவே பேட்டரியையும் குடித்தது. 2016இல் அந்தக் குழு, படம் பகிர்கிற பின்டரெஸ்ட் நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தது. நீங்கள் தேடிய டெலிகிராம் வசதியை 2024 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். அதைப் பயன்படுத்தியவர்கள் 0.1 சதவீதம்கூட இல்லை, வந்ததெல்லாம் போலிக் கணக்கும் மோசடிக்காரர்களும்தான் என்று அவர்களே காரணமும் சொன்னார்கள்.

ஏன் ஓடுவதில்லை என்கிறீர்களா? முதலில் ஜி.பி.எஸ். திறந்த வெளியில் ஐந்தாறு மீட்டர் பிசகும், தகரக் கூரைக்கடியில் அதைவிட மோசம். நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று அதற்குத் தெரியவே தெரியாது. சரி, புளூடூத்? கூட்டத்தில் 10 மீட்டர் எட்டினாலே பெரிது. அது ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடம்பில் இருக்கும் தண்ணீர் உறிஞ்சிவிடும். பொங்கல் விடுமுறைக் கூட்டத்தில் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் எத்தனை உடம்பு என்று பாருங்கள்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. பின்னணியில் ஓடுகிற செயலியை போனே தூங்க வைத்துவிடும். 2020இல் சிங்கப்பூர் அரசு கோவிட் வந்தவர்களோடு பழகியவர்களைக் கண்டுபிடிக்க டிரேஸ்டுகெதர் செயலியை விட்டபோது, ஐபோன்காரர்கள் அதைத் திரையில் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. ஓர் அரசாங்கத்துக்கே அந்தப் பாடு.

இதையெல்லாம் தாண்டினாலும் உங்கள் ஆளும் அதே செயலியைப் போட்டிருக்க வேண்டுமே! முன்னுரையை நின்றபடி படிக்கிற மனிதர் அதையெல்லாம் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இது ஓடுகிற இடமும் உண்டு. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த ஒரு தொழில் கண்காட்சிக்கு நாங்கள் செய்து கொடுத்தோம். அங்கே பெயர் பதியாமல் உள்ளே விட மாட்டார்கள். பதியும்போதே என்ன வாங்க வந்தீர்கள், என்ன விற்க வந்தீர்கள் என்று கேட்டுவிடுவார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் கியூஆர். ஆள் எங்கே நிற்கிறார் என்று அந்தச் செயலி தேடவே தேடாது. "மூன்று மணிக்கு 14ஆம் மேசைக்கு வாருங்கள்" என்று இரண்டு பேருக்கும் செய்தி அனுப்பும், அவ்வளவுதான். பார்த்தீர்களா, கடைசியில் வேலை செய்தது நேரமும் மேசையும்தான். பெயர்கூடக் கேட்காமல் உள்ளே விடுகிற புத்தகக் கண்காட்சியில் அந்தப் பதிவு இல்லை. கண்காட்சியை நடத்துகிற பதிப்பாளர் சங்கமான பபாசி நினைத்தால் வாசலில் ஒரு கியூஆர் ஒட்டி, "சிற்றிதழ் பேச வருகிறவர்கள் 5 மணிக்கு மேடைக்குப் பின்னால்" என்று போடலாம். அதற்குச் செயலியே வேண்டாம்.

---

மயிலை_வாசகி:

சார், நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் எங்கே இருக்கிறேன் என்று முன்பின் தெரியாதவருக்குக் காட்டுகிற எந்தச் செயலியையும் நான் போட மாட்டேன். 2014இல் டிண்டர் என்கிற டேட்டிங் செயலியில் ஓர் ஓட்டை வெளியே வந்தது. நீங்கள் இத்தனை தூரத்தில் இருக்கிறீர்கள் என்று மட்டும்தான் திரையில் வரும், ஆனால் உள்ளே அந்தக் கணக்கு மிகத் துல்லியமாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று இடங்களில் நிற்பதாகப் போலிக் கணக்கு வைத்து மூன்று வட்டம் போட்டால், அவை வெட்டிக்கொள்கிற இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். அதற்கும் முன்னால், 2012இல், இருக்கிற இடத்தைப் பதிவு போடுகிற ஃபோர்ஸ்கொயர் செயலியில் பெண்கள் தாங்களாகப் போட்ட இடக்குறிப்புகளை எடுத்து, பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் காட்டிய செயலியே இருந்தது. ஃபோர்ஸ்கொயர் தரவை நிறுத்திய பிறகுதான் அது அடங்கியது.

அமெரிக்கா வரை போவானேன்? ஒருமுறை நான் மைதானத்தில் இருந்தபடியே அரங்கு எண்ணோடு ஸ்டேட்டஸ் போட்டேன். எங்கள் தெரு வாட்ஸப் குழு மூலம் என் எண்ணைச் சேமித்திருந்த, என் போனிலும் எண் இருந்த ஒருவர் அங்கேயே வந்து நின்றார். "படம் பார்த்தேன், பக்கத்தில்தான் இருந்தேன்" என்றார். பிறகு நான் போன வரிசையிலெல்லாம் அவரும் வந்தார். தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குப் புத்தகம் பார்த்த மாதிரியே இல்லை.

இப்போது நாங்கள் சில பேர் டெலிகிராமில் ஒரு குழு வைத்திருக்கிறோம். வாட்ஸப் குழுவில் சேர்ந்தால் எல்லாருக்கும் எண் தெரியும், டெலிகிராமில் அதை மறைத்துக்கொள்ளலாம். அமைப்புகளில் போய் "யாருக்கும் காட்டாதே" என்று மாற்றிவிடுங்கள், முதல் வேலை அதுதான். மைதானத்தில் சிக்னல் படுத்துவிடும் என்பதால் இடத்தையும் நேரத்தையும் முதல் நாள் ராத்திரியே பேசி முடித்துவிடுவோம். சாயங்காலம் 5 மணி, கேன்டீன் வாசல். வாட்ஸப்பில் நேரலை இருப்பிடம் அனுப்பலாம்தான், 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். அதை நான் தங்கையோடு தவிர வேறு யாரோடும் பகிர்வதில்லை.

வாங்கிய புத்தகத்தைப் படம் எடுத்துப் போடுவதும் உண்டு, வீட்டுக்குப் போன பிறகு.

---

பழைய_பேப்பர்:

அய்யா, உள்ளே ஏன் தேடுகிறீர்கள்? வெளியே அண்ணா சாலை பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் பரப்பியிருப்பார்கள் இல்லையா, அங்கே வாருங்கள். குந்த வைத்து உட்கார்ந்து, அட்டை கிழிந்த இதழில் வருடமும் இதழ் எண்ணும் பார்க்கிற ஆள் யாராக இருந்தாலும் உங்கள் ஆள்தான். "இதுக்கு முந்தின இதழ் கிடைச்சுதா?" என்று கேளுங்கள். ராத்திரி கடை கட்டுகிற வரை விட மாட்டார். அனுபவத்தில் சொல்கிறேன், என்னையும் இப்படித்தான் ஒருவர் பிடித்தார்.

---

கரிசல்காட்டான்:

எல்லாருக்கும் நன்றி. தம்பி, வாசலில் கியூஆர் என்ற யோசனையை பபாசிக்கு நீங்களே எழுதிப் போடுங்கள், நான் எழுதினால் உரக்கடை பில் மாதிரி இருக்கும். அம்மா, நீங்கள் சொன்ன பக்கம் எனக்குத் தோன்றவே இல்லை. டெலிகிராமில் எண்ணை மறைத்துவிட்டேன். குழுவில் சேர்த்துக்கொள்வதானால் சொல்லுங்கள், சேர்க்காவிட்டாலும் வருத்தமில்லை.

வருகிற ஞாயிறு 4 மணிக்கு பிளாட்பாரம், 5 மணிக்குக் கேன்டீன் வாசல். அடையாளத்துக்குக் கையில் மஞ்சப்பை வைத்திருப்பேன்.

---

சாத்தூர்_கோடு:

அண்ணாச்சி, அங்கே பாதிப் பேர் கையில் மஞ்சப்பைதான் இருக்கும். கடையில் உர நிறுவனம் கொடுத்த பை ஏதாவது கிடக்குமே, பருத்திச் செடி படம் போட்டது, அதைக் கொண்டு வாருங்கள். நானும் வருகிறேன்.