ஃப்ளோ பேட்டரி: ‘பாய்கரைசல் மின்கலம்’ எனலாமா?

ஐயா, வணக்கம்.

மின்சாரத்தைத் தொட்டிக் கரைசல்களில் சேமிக்கும் ஃப்ளோ பேட்டரிக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் முன்வைத்த ‘ஓட்ட மின்கலம்’ என்னை இடறுகிறது. மின்னியலில் ஓட்டம் என்றாலே மின்னோட்டம்தான் நினைவுக்கு வரும். அடுத்து வந்த ‘பாய்ம மின்கலம்’ கொஞ்சம் நெருங்குகிறது. ஆனால் பாய்மம் என்பது திரவத்துக்கும் வாயுவுக்கும் பொதுப்பெயர். காரில் உள்ள ஈய-அமில பேட்டரியிலும் திரவம் இருக்கிறதே! அங்கே அது கலத்துக்குள் நிற்கிறது. இங்கே பாய்கிறது. பெயர் அதைத்தான் சொல்ல வேண்டும்.

லித்தியம் பேட்டரியில் ஆற்றல் மின்முனைகளுக்குள்ளேயே தங்குகிறது. கூடுதல் நேரம் வேண்டுமென்றால் கலங்களையே கூட்ட வேண்டும். வனேடியம் என்ற உலோகத்தின் கரைசலைப் பயன்படுத்தும் ஃப்ளோ பேட்டரியில் ஆற்றல் இருப்பது வெளியே, இரண்டு தொட்டிக் கரைசல்களில். பம்பு அதைக் கலத்துக்குள் தள்ளுகிறது, வினை நடக்கிறது, கரைசல் தொட்டிக்கே திரும்புகிறது. திறனைத் தீர்மானிப்பது கலங்கள். எத்தனை மணி நேரம் என்பதைத் தீர்மானிப்பது தொட்டி.

மின்தொகுப்புக்கு இது பெரிய வசதி. தென் ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேலில் 2017இல் வந்த லித்தியம் நிலையம் தொடக்கத்தில் 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி. முழுத்திறனில் ஒன்றேகால் மணி நேரம்தான் தாங்கும். சீனாவின் தாலியனில் 2022இல் இணைந்த வனேடியம் நிலையமும் 100 மெகாவாட்தான். ஆனால் 400 மெகாவாட்-மணி, அதாவது நான்கு மணி நேரம். (இரண்டையும் வெறுமே ‘100 மெகாவாட் பேட்டரி’ என்று எழுதினால் இந்த வேறுபாடே மறைந்துவிடும். மெகாவாட் காட்டும் திறனையும் மெகாவாட்-மணி காட்டும் ஆற்றலையும் தயவுசெய்து கலக்க வேண்டாம்.) போட்ட மின்சாரத்தில் திரும்பக் கிடைக்கும் பங்கு லித்தியத்தில்தான் அதிகம், அதையும் சொல்லியாக வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘ரெடாக்ஸ் ஃப்ளோ பேட்டரி’ என்றும் சொல்கிறார்கள். அந்த ‘ரெடாக்ஸ்’ (எலக்ட்ரான் கைமாறும் வினை) என்பதைப் பெயரில் சேர்க்க வேண்டுமா? நம் ‘ஆக்சிஜனேற்ற ஒடுக்கம்’ நீளம். இலங்கைப் பாடநூல்களின் ‘தாழ்த்தேற்றம்’ அழகாகச் சுருங்குகிறது. ஆனாலும் விட்டுவிடலாம். அந்த வினை எல்லா பேட்டரியிலும் நடப்பதுதான்.

ஆகவே என் பரிந்துரை: பாய்கரைசல் மின்கலம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ‘பாய்கலம்’ என்று சுருக்கினால் பாய்மரக் கப்பல் நினைவு வந்துவிடும், நீளம் பரவாயில்லை.

அப்புறம், கலங்களைச் சேர்த்து அடுக்கிய தொகுதியான ‘ஸ்டாக்’ என்பதற்கு அடுக்கு என்று எழுதப் போனேன். ‘மின்கல அடுக்கு’ ஏற்கெனவே பேட்டரிக்கே வழங்குகிறது. ‘கலவரிசை’ சரிவருமா? வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.